முந்திப் போன கடிகாரம்

சுமாலி டீச்சருக்கு அந்த மலையில் இன்னொரு பெயர் உண்டு: எரர் டீச்சர். வந்தது கணக்குப் பாடம் நடத்தத்தான். வந்த வருஷமே பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்து எடுத்துத் தொலைத்தாள். அன்றோடு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர், அதன் கம்பி, அதன் கோபதாபம் எல்லாம் அவள் தலையில் வந்து விழுந்தன. ஒன்பது வருஷம் ஆகிறது. சுகாதார நிலையத்து நர்ஸ், ஊர்த்தலைவர், கூட்டுறவுக் கடைக்காரர் என்று யாருடைய திரையில் எது சிவப்பாக வந்தாலும் ஹுவாய் புங் பள்ளிக்கூடத்துக்குத்தான் மேடேறி வருவார்கள்.

வந்தவர்களிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்று.

"அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"என்னமோ இங்கிலீஷ்ல வருது டீச்சர். உள்ள விடமாட்டேங்குது."

"ஆஸ்பத்திரிக்குப் போனா வலிக்குதுன்னு மட்டும் சொல்லிட்டு எங்கன்னு சொல்ல மாட்டீங்களா? போய் முழுசா படிச்சிட்டு வாங்க. கடைசி வரி வரைக்கும்."

இந்தத் திட்டை வாங்காதவர் அந்த மலையில் கிடையாது. திட்டி முடித்த பிறகு சரிசெய்தும் கொடுப்பாள். நானூற்று நாலு என்று வந்தால் அந்தப் பக்கம் வீட்டைக் காலி பண்ணிவிட்டுப் போய்விட்டது, புது விலாசம் தேடு. ஐநூற்று மூன்று என்றால் வாசலில் கூட்டம், கதவை உடைக்காமல் காத்திரு. நானூற்று மூன்று என்றால் நீ வரக்கூடாத இடம், நடையைக் கட்டு. இப்படி ஒவ்வொரு எண்ணும் அவளுக்குப் பழகிய மனிதர்கள் மாதிரி ஆகிவிட்டது. ஒன்றைக் கண்டும் அவள் பயந்ததில்லை, அந்த ஜனவரி மாதம் வரைக்கும்.

அந்த ஜனவரியில் போகவேண்டியிருந்தது அவளுடைய சொந்த விண்ணப்பம். இடமாற்றம் கேட்டு. அவள் புருஷன் மானோப் நாட்டின் அந்தக் கோடியில், தெற்கே காந்தாங்கில் ஆற்றைக் கடக்கும் படகில் எஞ்சின் ஓட்டுகிறான். பஸ்ஸில் போனால் இரண்டு நாள். வருஷத்துக்கு இரண்டு விடுமுறை, அவ்வளவுதான் அவர்கள் குடும்பம் நடத்தியது. கல்யாணமாகி பதினோரு வருஷத்தில் ஒன்பது இப்படியே போயிற்று. இந்த வருஷம் காந்தாங் படகுத்துறைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே ஒரு கணக்கு டீச்சர் இடம் காலி. மலையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவளுக்கு மதிப்பெண் அதிகம். விண்ணப்பம் உள்ளே போய்விட்டால் இடம் உனக்குத்தான் என்று மாவட்ட அலுவலகத்திலேயே சொல்லிவிட்டார்கள். உள்ளே போகவேண்டும், தலைமையாசிரியர் ஒப்புதல் தரவேண்டும், இரண்டும் புதன்கிழமை சாயங்காலம் நாலரைக்குள் நடக்கவேண்டும்.

தலைமையாசிரியர் சங்குவன் சாரிடம்தான் அவளுக்குச் சந்தேகம். போன வருஷமும் விண்ணப்பம் போட்டாள். அவர் சியாங்மாயில் கூட்டம் என்று போனவர், ஒப்புதல் கொடுக்க மறந்தே போய்விட்டார். திரும்பி வந்து, "மறந்துட்டேன் டீச்சர்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "விடுங்க சார், யாருக்கும் மறக்கும்" என்று இஞ்சி டீ போட்டுக் கொடுத்ததே சுமாலிதான். இந்த வருஷமும் கையெழுத்துப் போடவேண்டிய காகிதங்களை ஒரு வாரம் மேஜையில் வைத்திருந்து திங்கட்கிழமை சாயங்காலம்தான் கொடுத்தார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு நாலு ஆசிரியர். ஒருத்தி போனால் மூன்று. அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்?

செவ்வாய்க்கிழமை காலையில் உட்கார்ந்தாள். போன வருஷம் குறித்து வைத்திருந்த முகவரியைத் திறந்தாள். நானூற்று நாலு. சிரித்துக்கொண்டாள். முன்வாசலுக்குப் போய் அங்கிருந்து ஒவ்வொரு அறிவிப்பாகத் தேடிப் புது முகவரியைப் பிடித்துவிட்டாள். மத்தியானம் ஐநூற்று மூன்று. நாடு முழுக்க உள்ள டீச்சர்கள் ஒரே வாசலில் முட்டி மோதினால் அது என்ன செய்யும்? பாலர் வகுப்பு வாசனா டீச்சர் பின்னால் நின்றுகொண்டு, "இன்னொரு தடவை அமுக்குங்க அக்கா, அமுக்குங்க" என்று உயிரை வாங்கினாள்.

"அமுக்க அமுக்கக் கூட்டம்தான்டி அதிகமாகும். பத்து நிமிஷம் சும்மா இரு."

"நானா? பத்து நிமிஷமா? நீங்க முப்பத்தெட்டுப் பிள்ளைங்களையும் குளிப்பாட்டச் சொல்லுங்க, செய்றேன்."

நாலு மணிக்குக் கூட்டம் குறைந்து வாசல் திறந்தது. விண்ணப்பத்தின் முதல் பக்கத்தை நிரப்பினாள். இரண்டாம் பக்கத்துக்குப் போகும்போது மலை முழுக்க மின்சாரம் போய்விட்டது.

மறுநாள் புதன், கடைசி நாள். காலையில் பனி வேலிவரைக்கும் இறங்கியிருந்தது. பிள்ளைகள் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் சுள்ளி கொளுத்திக் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். சுமாலி ஏழரைக்கு ஓடிவந்தால், அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. சங்குவன் சார் பக்கத்தில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார்.

"ஆன் பண்ணி வெச்சிட்டேன் டீச்சர்" என்றார், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி.

இவருக்கு ஆன் பண்ணத் தெரியுமா என்று அவளுக்கு ஆச்சரியம். அதைவிட ஆச்சரியம், அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் தேதியை மறக்காமல் இருந்தது. உள்ளே இருக்கிற பொத்தான் பாட்டரி செத்து இரண்டு வருஷம் ஆயிற்று. புதுசு வாங்கித் தாருங்கள் என்று மூன்று தடவை எழுதிக் கேட்டாயிற்று. ஒவ்வொரு தடவை மின்சாரம் போய் வரும்போதும் அது எல்லாவற்றையும் மறந்து, கறுப்புத் திரையில் தேதி என்ன, மணி என்ன என்று கேட்கும். அவள்தான் பதில் சொல்வாள். இன்றைக்கோ திரை மூலையில் 15/01/68 என்று சமத்தாக நிற்கிறது. செத்த பாட்டரி பிழைத்துக்கொண்டதோ என்னமோ என்று உட்கார்ந்தாள்.

விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தாள். திரை முழுக்க வெள்ளை. நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வரி: உங்கள் கடிகாரம் முந்திப் போகிறது.

"கடிகாரமா?" என்று மூலையைப் பார்த்தாள். ஏழு ஐம்பது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அதுவும் ஏழு ஐம்பது. கையில் இருந்த போனைப் பார்த்தாள். ஏழு நாற்பத்தைந்து.

பள்ளிக்கூடத்துச் சுவர்க் கடிகாரம் எப்போதும் ஐந்து நிமிஷம் முந்தித்தான் ஓடும். பிள்ளைகள் கொடியேற்றத்துக்குத் தாமதிக்கக்கூடாது என்று சங்குவன் சார் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு. பிள்ளைகளுக்கு அது தெரியும் என்பதால் அவர்கள் ஐந்து நிமிஷம் தாமதமாகத்தான் வருவார்கள். ஆனால் கம்ப்யூட்டர் எதற்காகச் சுவரைப் பார்த்து ஓடவேண்டும்?

"சார், இதுல நீங்க கை வெச்சீங்களா?"

"நானா? ஆன் பண்ணினேன். அவ்வளவுதான்."

"மணியை மாத்தினீங்களா?"

சங்குவன் சார் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினார். "இல்லையே" என்றார்.

பொய் என்று காது வரைக்கும் சிவந்த அவர் முகமே சொன்னது. சுமாலி ஐந்து நிமிஷத்தைக் குறைத்தாள். பக்கத்தை மறுபடி திறந்தாள். உங்கள் கடிகாரம் முந்திப் போகிறது. இப்போது அவளுக்கு வியர்த்தது. வெளியே அத்தனை பனி.

கொடியேற்றம் முடிந்து வந்து, தனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தாள். இன்னொரு உலாவியில் திறந்தாள். அது வேறு வார்த்தையில் அதையே சொன்னது: இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல. சேர்ந்து கிடந்த பழைய பக்கங்களை எல்லாம் துடைத்தாள். தடம் பதியாத ஜன்னலில் திறந்தாள். கம்பியைப் பிடுங்கி, முப்பது எண்ணி, மறுபடி செருகினாள். கம்ப்யூட்டரையே ஒரு தடவை நிறுத்திப் போட்டாள். மற்ற எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இதே பல்லவி. கம்பியில்லாமல் இணைப்பு தரும் பெட்டி மழைக்காலத்தில் இடி விழுந்து எரிந்துபோயிற்று, ஆகவே போனில் திறக்க வழியில்லை. போனுக்குச் சிக்னல் வேண்டுமென்றால் மேட்டுமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வரை ஏறவேண்டும். அங்கேயும் பேசத்தான் முடியும், விண்ணப்பத்தோடு போகவேண்டிய பதினாலு சான்றிதழ்களை ஏற்ற முடியாது.

வாசனா இதற்குள் வளாகத்து மூலையில் இருக்கும் காவல் தெய்வத்தின் சின்னக் கோயிலுக்கு ஒரு சிவப்பு சோடாவைத் திறந்து உறிஞ்சுகுழலோடு படையலாக வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"ஐம்பது அவிச்ச முட்டை நேர்ந்திருக்கேன் அக்கா. விண்ணப்பம் போகட்டும், வெச்சிடலாம்."

"யார் அவிக்கிறது?"

"நேர்ந்தது நான். அவிக்கிறது நீங்க. காரியம் யாரோடது?"

பதினொன்றே முக்காலுக்குச் சங்குவன் சார் தலையை நீட்டி, "ஆச்சா டீச்சர்?" என்று கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். சுமாலிக்குள் காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தது எல்லாம் பொங்கிவிட்டது.

"எப்படி சார் ஆகும்? ஒரு வாரம் காகிதத்தை மேஜையில வெச்சிருந்தீங்க. இன்னிக்கு விடிஞ்சதும் வந்து கம்ப்யூட்டர்ல கை வெச்சிருக்கீங்க. கேட்டா இல்லைங்கிறீங்க. நான் போகக்கூடாதுன்னா முகத்துக்கு நேரா சொல்லுங்க, போராடிட்டாவது போறேன். இப்படித் திருட்டுத்தனம் பண்ணாதீங்க."

ஐம்பத்தெட்டு வயசு மனிதரை, அதுவும் தலைமையாசிரியரை, அந்த ஊரில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். வாசனா வாயைப் பொத்திக்கொண்டாள். சங்குவன் சார் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு நேராகச் சுமாலியின் வகுப்புக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஏழாம் வாய்பாடு கேட்டது. மத்தியானமும் அவர் வெளியே வரவில்லை. அவள் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழட்டும் என்று அவளுடைய மூன்று வகுப்பையும் அவரே எடுத்துக்கொண்டிருந்தார்.

மணி இரண்டு. சுமாலி வாழையிலைப் பொட்டலத்தில் இருந்த சோற்றைத் தொடாமல் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். மானோப் இந்நேரம் மூன்றாவது நடை போய்க்கொண்டிருப்பான். அவனிடம் என்ன சொல்வது? போன வருஷம் சொன்னதையே சொல்வதா? அழுகை வந்தது. எரர் டீச்சரின் கண்ணீரை வாசனா அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அழாதீங்க அக்கா. அதுல என்ன எழுதியிருக்கு?"

"கடிகாரம் முந்திப் போகுதுன்னு எழுதியிருக்கு. நூறு தடவை பாத்தாச்சு."

"அதுக்குக் கீழ?"

"கீழ ஒண்ணுமில்ல. வழக்கமான வளவளா."

"ஓ, எங்களுக்கு மட்டும்தான் கடைசி வரி வரைக்குமா?" வாசனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெரிய எழுத்துக்கு அடியில் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக இரண்டு வரி இருந்தது. மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "உங்கள் கம்ப்யூட்டரின் தேதி, நேரம் தவறு. ஞாயிற்றுக்கிழமை, ஜனவரி பதினஞ்சு..." படித்தவள் நிமிர்ந்தாள். "ஞாயித்துக்கிழமையா? இன்னிக்குப் புதன் ஆச்சே. லீவு நாள்ல வேலை வாங்குறாங்களா நம்மளை?"

சுமாலியின் அழுகை நின்றுவிட்டது.

"வருஷத்தைப் படி."

"ரெண்டாயிரத்து அறுபத்தெட்டு."

"மறுபடி படி."

"ரெண்டாயிரத்து. அறுபத்தெட்டு. சரிதானே, அறுபத்தெட்டாம் வருஷம்தானே?"

அறுபத்தெட்டாம் வருஷம்தான். அந்த நாட்டில் எல்லாரும் எழுதும் புத்தர் கணக்கில் 2568. புத்தாண்டு பிறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பழக்கதோஷத்தில் 67 என்று எழுதி, அடித்து, 68 என்று திருத்தி, அந்த வாரம் முழுக்கக் காகிதம் காகிதமாகச் சுமாலியே எழுதித் தள்ளியிருந்தாள். வருகைப் பதிவேட்டில் 68, கரும்பலகையில் 68, பதினாலு சான்றிதழின் ஓரத்திலும் 68. ஆனால் கம்ப்யூட்டர் எண்ணுவது வெள்ளைக்காரன் கணக்கு. அதில் அது 2025. மூலையில் இடம் அடைக்கிறது என்று வருஷத்துக்குக் கடைசி இரண்டு எண்ணை மட்டும் காட்டும்படி வைத்ததும் அவளேதான். தினமும் 25 இருக்கவேண்டிய இடத்தில் 68 இருந்தது. கை எழுதிப் பழகிய எண்ணைக் கண் பார்த்ததும் சரி என்று தாண்டிப் போய்விட்டது. நாற்பத்து மூன்று வருஷம் முந்திப் போய் நின்ற ஒரு கம்ப்யூட்டரிடமிருந்து ஐந்து நிமிஷத்தைக் குறைத்துவிட்டு, ஏன் ஓடவில்லை என்று காலையிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கம்ப்யூட்டர் நிற்கிற காலத்தில் உலகத்துப் பக்கங்கள் தங்களை நம்பச் சொல்லிக் காட்டும் சான்றிதழ் எல்லாம் எப்போதோ காலாவதியாகியிருக்கும். அது எதைத்தான் நம்பும்?

"முழுசா படிங்கன்னு ஊரையே திட்டுவீங்களே" என்றாள் வாசனா. அவளுக்கு இந்த ஒரு வாக்கியம் ஜென்மத்துக்கும் போதும்.

சுமாலி எழுந்து வகுப்புக்குப் போனாள். சங்குவன் சார் கரும்பலகையில் வகுத்தல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் தப்பாக.

"சார், காலைல கறுப்புத் திரை வந்துச்சா?"

அவர் திரும்பவில்லை. சாக்பீஸைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வந்துச்சு. தேதி கேட்டுச்சு. நேத்து கரண்ட் போனதுமே நெனச்சேன், இது மறுபடி மண்டையைப் போடும், காலைல நீங்க வந்து இதோட மல்லுக்கட்டணும்னு. அதான் ஆறு மணிக்கே வந்தேன். நாள் போட்டேன். மாசம் போட்டேன். வருஷத்துக்கு இருபதுன்னு முன்னாடியே எழுதி வெச்சிருந்துச்சு. அது அவங்க ஏதோ வெச்சிருக்காங்கன்னு தொடல. மிச்சம் ரெண்டு எண்ணைத்தான் கேட்டுச்சு. அறுபத்தெட்டு போட்டேன். சுவத்தைப் பாத்து மணியும் வெச்சேன். வருஷம் அறுபத்தெட்டுதானே டீச்சர்?"

"அறுபத்தெட்டுதான் சார்."

"அப்புறம் நீங்க கை வெச்சீங்களான்னு கேட்டீங்களா, கெடுத்துட்டோம்னு தெரிஞ்சுபோச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

இவரிடம்தான் காலையில் சுமாலி கத்தியிருந்தாள். திருட்டுத்தனம் என்று சொன்ன வாய். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இரண்டு கையையும் கூப்பி, நெற்றி விரலில் படும்படி தலை குனிந்து வணங்கினாள். "தப்பா பேசிட்டேன் சார்."

"போங்க, போங்க. மணி என்ன ஆகுது?"

ஓடினாள். தேதியைச் சரிசெய்தாள். பக்கம் திறந்தது, உள்ளே போகப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது, கொடுத்தால் மறுபடி அதையே கேட்டது, சுற்றிச் சுற்றி வாசலிலேயே நின்றது. இதற்கெல்லாம் அவள் அசரவில்லை. காலையிலிருந்து தப்பான தேதியோடு வந்து சேர்ந்த குப்பைதான் வழியை அடைக்கிறது என்று தெரியும். சேமித்து வைத்த குக்கிகளை ஒட்டுமொத்தமாக அழித்தாள். உள்ளே விட்டது. வாசனா ஒவ்வொரு சான்றிதழின் பெயராகச் சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொன்றாக ஏற்றினாள். எட்டாவது சான்றிதழ் அளவு பெரிது என்று திருப்பி அனுப்பப்பட்டது. அதைச் சுருக்கினாள். ஒன்பதாவது பாதியில் நின்றது. மறுபடி ஏற்றினாள்.

"2611ல போய் உக்காந்திருந்துச்சே அக்கா இந்த மிஷின், நம்ம கணக்குல. அந்த வருஷம் உங்களுக்கு என்ன வயசு?"

"எண்பத்துநாலு."

"மாமாவுக்கு?"

"தொண்ணூறு. பேசாம அடுத்த சான்றிதழைப் படிடி."

"தொண்ணூறு வயசுல படகுத்துறையில கம்பு ஊனிக்கிட்டு நிக்கிறாரு. பொண்டாட்டி விண்ணப்பம் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு."

சுமாலி சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்கவும் மாட்டேன் என்றது. நாலு மணி அடித்துப் பத்து நிமிஷத்துக்கு விண்ணப்பம் உள்ளே போய்விட்டது. இனி தலைமையாசிரியரின் ஒப்புதல் மட்டும்தான்.

சங்குவன் சார் கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கடவுச்சொல்லை ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். அவருடைய பக்கம் திறந்தது. சுமாலியின் பெயர், அதற்கு எதிரே பச்சையாக ஒரு பொத்தான். அம்பைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தார். அமுக்கவில்லை.

"போன வருஷம் நான் மறக்கல, டீச்சர்."

வாசனா சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய்விட்டாள்.

"கூட்டம் மத்தியானமே முடிஞ்சுபோச்சு. தங்கியிருந்த இடத்துல கம்ப்யூட்டர் இருந்துச்சு. இதே பக்கத்தைத் திறந்து, இதே பொத்தானைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நாலரை அடிச்சுச்சு. மூடிட்டு வந்துட்டேன். நீங்க போயிட்டா இந்தப் பிள்ளைங்களுக்கு யாருமில்லன்னு நெனச்சேன். உங்க வீட்டுக்காரரை நெனைக்கலன்னு சொன்னா பொய். நெனச்சேன். தள்ளிட்டேன்."

சுமாலி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். செய்யாத தப்புக்கு இந்த மனிதரைக் காலையில் திட்டித் தீர்த்தாகிவிட்டது. செய்த தப்புக்கு இஞ்சி டீ போட்டுக் கொடுத்தாயிற்று. அந்த டீயை அவர் குடிக்காமல் ஆறவிட்டது இப்போது ஞாபகம் வந்தது. ஒரு வருஷம். மானோப் காய்ச்சலில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்த வருஷம். கோபம் உள்ளங்காலிலிருந்து ஏறியது.

"அமுக்குங்க சார்" என்றாள்.

அமுக்கினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. திரை வெள்ளையாகி, இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. அவர் பதறிப்போய் மறுபடி அமுக்கக் கையைக் கொண்டுபோனார்.

"தொடாதீங்க. போயிருக்கும். ரெண்டு தடவை அமுக்கினா ரெண்டும் கெட்டுப்போகும்." புது ஜன்னல் திறந்து, விண்ணப்ப நிலை என்கிற இடத்துக்குப் போனாள். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும், அடியில் இருந்த பொடி எழுத்தையும், கடைசி முற்றுப்புள்ளி வரைக்கும் படித்தாள். சமர்ப்பிக்கப்பட்டது. தலைமையாசிரியரால் ஒப்புதல் அளிக்கப்பட்டது. நாலு இருபத்திரண்டு.

பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்து நாலாக மடித்தாள்.

"உங்கமேல எனக்குக் கோபமா இருக்கு சார். நாளைக்கும் இருக்கும். நாளைக்கு ஜனவரி பதினாறு, ஆசிரியர் தினம், பிள்ளைங்க முன்னாடி சிரிச்சு வைப்பேன். அதை வெச்சு சரியாப்போச்சுன்னு நெனச்சுடாதீங்க. வெள்ளிக்கிழமை பாக்கலாம்."

"வெள்ளிக்கிழமை எனக்கு மாவட்ட ஆபீஸ்ல கூட்டம்."

"அப்ப திங்கட்கிழமை."

"சரி டீச்சர். திங்கட்கிழமை" என்றார் சங்குவன் சார். சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சுமாலி தண்ணீர்த் தொட்டிக்கு ஏறினாள். வழியெல்லாம் கோபத்தில் பாதியும் சந்தோஷத்தில் பாதியுமாக மூச்சு வாங்கியது. போனில் இரண்டு கோடு தெரிந்ததும் அழைத்தாள். மானோப் எடுத்தான். எஞ்சின் சத்தம் காதைப் பிளந்தது.

"போயிடுச்சு" என்று கத்தினாள். "ஒப்புதலும் ஆயிடுச்சு. மே மாசம் வந்துடுவேன்."

அந்தப் பக்கம் பேச்சில்லை, எஞ்சின் மட்டும். பிறகு அதுவும் நின்றது. நட்டாற்றில் எஞ்சினை நிறுத்திவிட்டான். யாரோ ஒரு பயணி என்னப்பா ஆச்சு என்று கத்துவதும், இன்னொருவர் திட்டுவதும், படகின் பக்கவாட்டில் தண்ணீர் வந்து மோதுவதும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டன.

"இப்ப சொல்லு" என்றான் மானோப். "மெதுவா சொல்லு. முழுசா."

சொன்னாள்.